துக்க மணிக்குப் பதில் எஸ்.எம்.எஸ்.

எங்கள் திருநகர் சர்ச்சுக்கு டிஜிட்டல் யுகத்தைக் கைபிடித்து அழைத்து வந்தவர் சபைச் செயலாளர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிக் கொடுத்த செல்போன் சட்டைப் பையில் எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்டுதான் நற்கருணை எடுக்கவும் போவார்.

அதுவரை சபையில் யாராவது இறந்தால் கோபுர மணி விட்டுவிட்டு அடிக்கும். கேட்டவர்கள் யாரென்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். செயலாளருக்கு இது பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. "இனிமே மணி கிடையாது. எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ். வந்துரும்" என்று ஆராதனை முடிவில் அறிவித்தார். போதகர் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் ஆட்டவில்லை.

பிறகு வீடு வீடாக நம்பர் கேட்டார்கள். எங்கள் சபைத் தாய்மார்களிடம் நம்பர் கேட்டால் மூலையில் கிடக்கும் லேண்ட்லைனையா சொல்வார்கள்? வெளிநாட்டில் இருக்கும் மகனின் செல் நம்பரைத்தான் சொல்வார்கள். அம்மாவும் துபாயில் இருந்த அண்ணனின் நம்பரைப் பெருமையாகச் சொன்னார். அதை எழுதிக்கொண்ட அறிவாளிக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அண்ணன் பேசினான். வேலை முடிந்து அப்போதுதான் போனைப் பார்த்திருக்கிறான்.

"என்னம்மா, அடக்கத்துக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?"

இறந்தது அம்மாவின் தோழி. பாடகர் குழுவில் இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடியவர்கள். வீடு பக்கத்துத் தெருவுக்கு அடுத்த தெரு. முதலில் போகிறவளுக்கு மற்றவள் ஒரு பிடி மண் போட வேண்டும் என்று பேசிவைத்திருந்தார்கள். செய்தி துபாய்க்குப் போய்த் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாங்கள் போனபோது கல்லறைத் தோட்டத்தின் கேட் பூட்டிக் கிடந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் செயலாளரிடம் கேட்டேன். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இங்க பாருங்க, டெலிவர்டுன்னு வந்திருக்குல்ல? அம்புட்டுப் பேருக்கும் போயிருச்சு. சபை தன் கடமையைச் செஞ்சிருச்சு."

நான் சாவுக்கு ரசீது கேட்க வந்தேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அவரிடம் பேசிப் பயனில்லை என்று வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு காலையில் கோபுர மணி விட்டுவிட்டு அடித்தது. நெடுநேரம் அடித்தது. விசாரித்தால், செயலாளரின் தாயார். தன் வீட்டுச் சாவுக்குக் கூட்டம் சேராதோ என்ற பயம் வந்ததும் பட்டிக்காட்டுத்தனம் இனித்துவிட்டது. ஊருக்குத்தானே உபதேசம்.

"போகாதீங்கம்மா" என்றேன். அம்மா காதில் வாங்காமல் வெள்ளைச் சேலைக்கு மாறிக் கிளம்பினார். வேறு வழியில்லாமல் நானும் கூடப் போனேன். வாசலிலேயே செயலாளர் அழுதுகொண்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"வந்துட்டீங்களாக்கா?"

"மணி கேட்டுச்சு தம்பி" என்றார் அம்மா. "அதான் வந்தேன்."