கொடி சுற்றிய பிள்ளையும் தாய்மாமனும்

முத்துச்செல்விக்கு வலி எடுத்தபோது அவள் அண்ணன் இசக்கிப்பாண்டி வாசலில்தான் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏழாயிரம்பண்ணையிலிருந்து பட்டாசு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன். 2006 தீபாவளிச் சீசன். தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வந்திருந்தாள். கணவன் லோடு லாரியில் வடக்கே போயிருந்தான்.

"அண்ணே, ஆசுபத்திரியில விட்டுட்டுப் போ. முடியலை."

"தலப்பிள்ளை அம்புட்டு வெரசா வந்துராது. ஆள இறக்கிட்டு வாரேன். லேட்டானா மொதலாளி வேற வேனைப் போட்டுருவாரு."

போனவன் திரும்பவில்லை. கம்பெனியிலிருந்து அப்படியே அடுத்த ஊருக்கு ஆள் ஏற்றப் போய்விட்டான்.

அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குந்தினாள், எழுந்தாள், மறுபடி குந்தினாள். ஈரத்துணியைப் பிழிவதுபோல வலி இடுப்பை முறுக்கியது. அது விட்ட இடைவெளியில் வேன் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். "அண்ணன் வந்துருவான்த்தா," என்பதையே தாய் செல்லத்தாய் சொல்லிக்கொண்டிருந்தாள். பனிக்குடம் உடைந்து பாவாடை நனைந்தது.

"அவன் வர மாட்டான். ரோட்டுல எது போனாலும் மறி," என்றாள் முத்துச்செல்வி.

உர மூட்டை இறக்கிவிட்டு வந்த டிராக்டர் நின்றது. பின்பெட்டியில் யூரியா வாடை அடிக்கும் சாக்கின்மேல் படுத்துப் போனாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணனைப் பெயர் சொல்லித் திட்டினாள். வாயைப் பொத்த வந்த தாயின் கையைக் கடித்துவிட்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண் குழந்தை பிறந்தது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றி, நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல். நர்ஸ் கொடியை விலக்கி, சளியை உறிஞ்சி எடுத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் அழுவலை?"

பிள்ளை அழாத ஒவ்வொரு நொடியையும் அவள் அண்ணன் கணக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கமறல். அதன்பின் அழுகை.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்றார் நர்ஸ்.

சாயங்காலம் இசக்கிப்பாண்டி வந்தான். கொடி சுற்றிய பிள்ளை என்று செல்லத்தாய் வாசலிலேயே சொல்ல, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அப்படிப் பிறந்த பிள்ளையைத் தாய்மாமன் நேரே பார்த்தால் மாமன் உயிருக்கு ஆகாதாம். முதலில் கிண்ணத்து எண்ணெயில் தெரியும் முகத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். கண்முன்னே தங்கை துடித்ததை நம்பாதவன் இதை நம்பினான். வயிற்றுக்குள் பிள்ளை புரளும்போது கொடி சுற்றிக்கொள்கிறது. மாமன் யாரென்று அதற்கு எப்படித் தெரியும்?

"வெள்ளிக்கிழமை கோயில்ல வச்சு எண்ணெயில பாத்துருதேன்," என்றான் சுவரிடம்.

"பிள்ளையத் தர மாட்டேன்," என்றாள் அவள். அன்றிலிருந்து அவன் வீட்டுக்கு வராமல் வேனிலேயே படுத்துக்கொண்டான்.

நடக்கத் தெம்பு வந்ததும், தீட்டு கழியவில்லை என்று தாய் தடுத்ததையும் மீறி, காலைதோறும் பிள்ளையோடு வேன் நிற்கும் இடத்துக்குப் போனாள். அவன் தரையைப் பார்த்தபடி ஆள் ஏற்றினான்.

"ஏ இசக்கி, மருமகன் வந்துருக்காரு. வாங்கன்னு ஒரு வார்த்தை கேளு," என்று வேனிலிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

கண்ணாடியில் பார்த்தாலும் தோஷம் கழியும் என்றார் அவன் போய்க் கேட்ட ஜோசியர். மறுநாள் வேன் கண்ணாடியைத் திருப்பிவைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் பிள்ளை முகத்தைத் துண்டால் மூடினாள்.

"ஒனக்கு என்னதான் வேணும்?"

"அன்னைக்கு நீ என்ன செஞ்சேன்னு இவுக முன்னால சொல்லு."

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தங்கச்சிய வலியோட விட்டுட்டு ஆள் ஏத்தப் போனேன். போதுமா? இப்பக் கண்ணாடியில காட்டு."

வேனுக்குள் சிரிப்பு நின்றுபோனது. அவள் சுற்றிவந்து டிரைவர் கதவருகே நின்றாள். துண்டை எடுத்தாள். பிள்ளையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாரு."

பிள்ளை கொட்டாவி விட்டது. அவனுக்குக் கண்ணை மூடக்கூடத் தோன்றவில்லை.

வேனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்தான். சாகப்போகிறோம் என்ற பயத்திலேயே காய்ச்சல் வந்தது. சாகவில்லை. எழுந்து கம்பெனிக்குப் போனபோது அங்கே வேறு வேன் ஓடிக்கொண்டிருந்தது.

கொடி வேலையைக் காட்டிவிட்டது என்று ஊர் பேசியது. அது மட்டும் முத்துச்செல்விக்குப் பொறுக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்:

"கொடி என்ன செய்யும்? நாந்தான் செஞ்சேன்."