குழாய்க் குதிரை

சிவகாசியில் ஆடிப் பதினெட்டு அன்று மறு வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தாக வேண்டும். சூடம் காட்டி, வெளியூர் ஏஜெண்டுகள் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு என்ன படம் செய்தாலும் அடுத்த ஆடிக்குத்தான். இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து ஆல்பத்தில் பாண்டிச்செல்வி தனக்கென்று ஒரு பக்கம் கேட்டு வாங்கியிருந்தாள்.

அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. சாமி படங்களுக்குப் பின்னால் அருவியை வைப்பாள். குழந்தைப் படங்களில் எச்சிலைத் துடைப்பாள். எல்லாம் யாரோ எடுத்தவை, யாரோ வரைந்தவை.

"ஒரு பக்கம் நானே செஞ்சு தாரேன் மொதலாளி."

"என்ன படம்?" என்றார் ராஜபாண்டியன்.

"குதிரை."

"குதிரை நல்லா விக்கும். செய்யி."

அவர் நினைத்தது கடற்கரையில் பிடரி பறக்கப் பாயும் வெள்ளைக் குதிரை. அவளுடையது வேறு. வெம்பக்கோட்டைப் பக்கம் அவள் ஊரில் அம்மா மாடத்தி வெடிக்குக் குழாய் உருட்டுவாள். மருந்து அடைக்காத வெறும் காகிதக் குழாய். அச்சகங்கள் கழித்துப்போட்ட தாளில் உருட்டுவது. நசுங்கியதைக் கம்பெனி எடுக்காது. அந்த நசுங்கல்களைச் சணலால் கட்டிப் பாண்டிச்செல்வி சின்ன வயதில் ஒரு குதிரை செய்திருந்தாள். ஒரு மழைக்காலத்தில் அடுப்புப் பற்றவில்லை என்று அம்மா அதை உள்ளே தள்ளிவிட்டாள்.

முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருளை அவளாகவே தட்டித் தட்டிக் கற்றிருந்தாள். திரையில் குழாய்களை எழுப்பினாள். பழைய வெடி லேபிள்களைத் தேடியெடுத்து அவற்றின் மேல் சுற்றினாள். சணலை நார் நாராக முறுக்கி முடிச்சுப் போட்டாள். விடுமுறை நாளெல்லாம் கம்ப்யூட்டர் ஓடிப் படத்தை முடித்துக் கொடுத்தது.

குதிரை பளபளவென்று நின்றது. திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் சாமான் மாதிரி. வெளிச்சத்தைக் குறைத்தாள், குழாய்களை நசுக்கினாள். அப்போதும் கடைச் சாமான்தான்.

மிஷின் பக்கம் போனபோது கழிவுத் தாள்கள் குவிந்து கிடந்தன. அச்சு ஓடத் தொடங்கும்போது நான்கு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாது. விழும்வரை ஓடுகிற தாளெல்லாம் கழிவு. ஒரு கிளியின் மூக்குச் சிவப்பு மூக்கைவிட்டுத் தள்ளி நின்றது. பாண்டிச்செல்வி குனிந்து அதை எடுத்தாள். அடுப்பில் எரிந்த அவள் குதிரையின் உடம்பெல்லாம் இப்படித்தான் இருந்தது. அந்தத் தாள்களை அள்ளிக்கொண்டு போய் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு குழாயிலும் ஒன்றாகச் சுற்றினாள். இந்த முறை படம் வந்ததும் அவள் எதையும் திருத்தவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம் நிறத்துக்கு ஒன்றாக நான்கு அச்சுப் பிளேட்டுகள் மிஷினில் ஏறின. மதியத்துக்குள் நாகையாவின் சத்தம் கேட்டது. அந்த மிஷினை ஓட்டுபவர் அவர்.

"ஏ தாயி, என்ன பிலிம் எடுத்துக் குடுத்திருக்க? சிவப்பு நிக்க மாட்டேங்குது. முன்னங்காலுக்குச் சரி பண்ணுனா பின்னங்காலு நொண்டுது!"

காலையிலிருந்து அவர் சிவப்புப் பிளேட்டை இழுத்து இழுத்து நகர்த்தியிருந்தார். அதே தாளில் இருந்த குழந்தைப் படத்துக்கு உதடு இரண்டாகியிருந்தது.

"அது அப்படித்தான் இருக்கணும் அண்ணாச்சி."

"கேட்டியளா மொதலாளி? நிறம் வெலகித்தான் இருக்கணுமாம்! இதுக்கு நான் எதுக்கு, இந்தப் பிள்ளையே ஓட்டட்டும்."

ராஜபாண்டியன் தாளை விரித்துப் பார்த்தார். முகம் கறுத்தது. "ஏஜெண்டு இதப் பாத்தா என்ன சொல்லுவான்? இவனுக்கு அச்சடிக்கத் தெரியலன்னு நாலு ஊருல சொல்லுவான். இத எடுத்துட்டு அருவியப் போடு."

"எடுக்க மாட்டேன்."

மிஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி இதுவரை அந்த வார்த்தையை அவளிடம் கேட்டதில்லை.

"அண்ணாச்சி, பிளேட்டப் பழைய எடத்துக்குக் கொண்டுவாங்க. ஒரே ஒரு தாள் ஓட்டுங்க. பெறகு லென்ஸ வச்சுச் சணலப் பாருங்க."

நாகையா முனகிக்கொண்டே நகர்த்தினார். தாள் வந்தது. கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தார். சணலின் பழுப்பில் நான்கு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்திருந்தன; ஒரு நாருக்குக்கூட நிழல் விழவில்லை. குழந்தையின் உதடும் ஒன்றாகியிருந்தது. லென்ஸைக் குழாய்க்கு நகர்த்தினார், மறுபடி சணலுக்கு.

"வெளங்காத பிள்ள! இத முந்தியே சொல்றதுக்கென்ன? காலையில இருந்து நான் குதிரைக்கு லாடம் அடிச்சிக்கிட்டிருக்கேன்." பிறகு முதலாளியிடம் திரும்பினார். "மிஷின் சரியாத்தான் இருக்கு. படம்தான் கோட்டி புடிச்சது."

"ஏஜெண்டு லென்ஸோட வருவானா?" என்றார் ராஜபாண்டியன்.

"லென்ஸ நீங்க குடுங்க மொதலாளி," என்றாள் அவள்.

அவர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். நிறுத்து என்று மட்டும் சொல்லவில்லை. நாகையா மிஷினை ஓடவிட்டார்.

ஆடிப் பதினெட்டு அன்று சூட வாசனைக்குள் ஏஜெண்டுகள் பக்கங்களைப் புரட்டினார்கள். காரியாபட்டி சங்கரபாண்டியன் குதிரைப் படத்தில் வந்து நின்றார். கட்டைவிரலால் அதன் காலைத் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன மொதலாளி, இந்த வருசம் மிஷின் ஆட்டம் போடுதோ?"

நான்கைந்து பேர் சிரித்தார்கள். வாசலருகே நின்ற பாண்டிச்செல்வி ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் ராஜபாண்டியன் சட்டைப்பையில் கையை விட்டு லென்ஸை எடுத்து ஆல்பத்தின் மேல் வைத்தார்.

"ஆட்டம் போடுதான்னு நீரே பாரும். குழாயப் பாக்காதயும். சணலப் பாரும்."