பெட்டகத்தில் இருந்த கன்று

என் மனைவியின் கழுத்தில் தாலிக் கயிற்றோடு கல்லில் செதுக்கிய ஒரு கன்றுக்குட்டியும் தொங்கியது. கட்டைவிரல் நுனி அளவு. கால் மடக்கிப் படுத்திருக்கும். கயிறு கோக்க உடம்பில் ஒரு துளை. ரங்கூன் துறைமுகக் கூலியாக இருந்த அவள் பாட்டனார், வெள்ளைக்காரன் படையோடு மூட்டை தூக்க ஈராக்கின் பாஸ்ராவுக்குப் போனபோது கொண்டுவந்தது. அவர்கள் வீட்டில் தாயிடமிருந்து மகளுக்கு வரும். காய்ச்சல், பிரசவம் என்றால் அதைக் கையில் இறுகப் பிடித்துக்கொள்வார்கள்.

நான் சரித்திரம் கற்பித்தவன். ஓய்வுபெற்ற பிறகு அலைபேசியில் ஏதோ ஓர் அருங்காட்சியகப் படத்தைப் பார்த்தேன். அதே கன்று. அந்த ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர்களின் தாயத்து, ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுப் பழமை. அடிவயிற்றில் குடைந்த சிறு குழிகள். சேர்த்துப் பார்த்தால் அவையும் ஒரு விலங்கு. எங்கள் கன்றைத் திருப்பிப் பார்த்தேன். குழிகள் இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குளிப்பவள் அவள், குழியெல்லாம் மஞ்சள்.

“கல்லை நாசம் பண்ற நீ. கழட்டு.”

“ஏன் வாத்தியாரே, உங்க சுமேரியாக்காரி மட்டும் அலமாரியிலயா வச்சிருந்தா? அவளும் வேர்வையோட கழுத்துலதான் போட்டிருப்பா.”

நான் கத்தினேன். கழற்றிக் கொடுத்தாள். ரங்கூன் நகர நடுவில், கியாக்டடாவில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு கொரோனா பரவிய அந்த மழைக்காலம் வந்தது. வங்கிகள் கதவடைத்திருந்தன, பிராணவாயு உருளைக்கு ஊரே வரிசையில் நின்றது. பசுந்தாங் பேட்டையில் எங்கள் மாடிவீட்டில் அவளுக்கு மூச்சு இரைத்தது.

“கன்னுக்குட்டியைக் கொடுங்க” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

வங்கிக்கு ஓடினேன். காவலாளி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கையை விரித்தார். திரும்பி வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் மேசையில் மாந்தலேயில் வாங்கிய சலவைக்கல் கன்று ஒன்று கிடந்தது, ஏறக்குறைய அதே அளவு. அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் கன்றின் வயிற்றுக்கடியில் போய்த் தடவிப் பார்த்தது. வழவழப்பு.

“இது அது இல்ல.”

“அதுதான்” என்றேன்.

விரல் இன்னும் கொஞ்சம் தேடியது. பிறகு, “யாபாதே” என்றாள். பரவாயில்லை என்பதற்கு எங்கள் வீடுகளில் பர்மியச் சொல்தான். கல்லை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள். மறுநாள் மதியம் போய்விட்டாள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாம்பல் கூடக் கிடைக்கவில்லை.

வங்கி திறந்ததும் கன்றை எடுத்துவந்தேன். குழிகளில் அவள் பூசிய மஞ்சள் அப்படியே இருக்கிறது.

மகள் கேட்கிறாள். முறைப்படி அது அவளுடையது. கொடுத்தால் கழுத்தில் போட்டுக் குளிப்பாள், மஞ்சள் கரைந்துவிடும். இன்னும் கொடுக்கவில்லை.