கையுறை போட மாட்டன் எண்டு சொன்ன நாள்

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒண்டு. நாங்கள் இருந்த அஜின்கோர்ட்டில இருந்து ரெண்டு பஸ் மாறிப் போற தூரத்தில, ஸ்காபரோவின்ர மற்றத் தொங்கலில, வேட்டைச் சாமானும் மீன்பிடிச் சாமானும் விக்கிற பெரிய கடையொண்டில எனக்கு வேலை. அண்டைக்கு நடந்ததை நினைச்சா இப்பவும் எனக்குக் கொதி வரும். கொதியோடதான் சொல்லப்போறன், குறை நினைக்காதேங்கோ.

என்னை முதல் எடுத்தது காசு வாங்கிற கவுன்ரருக்கு. மான் வேட்டைக் காலம் துவங்கேக்க அம்புக் கவுன்ரரில நிண்ட மனுசனுக்கு முதுகு பிடிச்சுப்போட்டுது. மாத்துக்கு ஆள் இல்லை. மனேச்சர் சுத்திமுத்திப் பாத்திட்டு, பிழைவிடாமல் வேலை செய்யிறவள் எண்டு என்னைக் கொண்டுபோய் அங்க விட்டிட்டார். ஊரில பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில தராசும் குடுவையுமா நிண்டவள் நான். வில்லும் அம்பும் கோயில் சூரன்போரில பாத்ததுதான். எங்கட மேல்மாடி அன்ரி ஒராள் லிப்டில காணுற நேரமெல்லாம், "என்ன பிள்ளை, வெள்ளி சனி மச்சம் மாமிசம் தொடமாட்டீர், மான் கொல்ல அம்பு மட்டும் விப்பீரோ?" எண்டு பகிடி பண்ணுவா. விக்கிறதுதான் அன்ரி, தின்னுறேல்லை எண்டு சொல்லிப்போட்டு நான் இறங்கிப் போவன்.

ஆனா ஒண்டு. எந்த வேலையையும் அரைகுறையாச் செய்யிறது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வில்லோடயும் வாற புத்தகத்தைப் பஸ்ஸில வைச்சு, அகராதியும் கையுமா வாசிச்சு முடிச்சன். அங்க கனக்க விலைப்பட்டது குறொஸ்போ, அதாவது துவக்கு மாதிரித் தோளில வைச்சு விசை இழுக்கிற வில்லு. அதுக்கு அம்பு எடுக்கிறதெண்டா கத்தரிக்காய் பொறுக்கிற மாதிரி வடிவைப் பாத்து எடுக்கேலாது. அம்பின்ர பாரம் குறைஞ்சா நாணின்ர விசை வில்லுக்கே திரும்பி அடிக்கும். முனையில பூட்டுற தகடு முருகன்ர வேல் மாதிரி, ரெண்டு மூண்டு அலகோட இருக்கும். மான் கனநேரம் கிடந்து துடியாமல் உடன விழ வேணுமெண்டா அது சவர பிளேட் கூரில இருக்க வேணும். பழகிப் பாக்கிற முனையும் வேட்டைக்குப் போடுற முனையும் ஒரே நிறை இல்லாட்டிக் குறி தப்பும்.

எல்லாத்திலயும் பெரிசு அம்பின்ர வால். சில வில்லுக்குத் தட்டை வால், சில வில்லுக்குப் பிறை மாதிரிக் குழிஞ்ச வால். பிறை வால் கேக்கிற வில்லில தட்டை வாலைப் போட்டா நாண் அம்புக்கு மேலால ஏறிப் பாயும். அம்பு அங்கயே கிடக்க வில்லு வெடிச்சுச் சிதறும். கன்னத்தை ஒட்டி வைச்சுத்தானே சுடுறது. கண் போகும், விரல் போகும்.

இதெல்லாம் எனக்கு ஒரு மாதத்துக்குள்ள தண்ணிபட்ட பாடாய்ப் போச்சு. எண்டாலும் வாறாக்கள் என்னைத் தாண்டிப் பின்னால எட்டிப் பாப்பினம், ஆரும் ஆம்பிளை நிக்கிறானோ எண்டு.

அண்டைக்கு விடியவே தலை முழுகி, சனீஸ்வரனுக்கு எள்ளுப் பொட்டணி கட்டி எண்ணெய் விளக்கு எரிச்சுப்போட்டுத்தான் வேலைக்கு வந்தனான். அப்பிடி எரிச்சும் மத்தியானத்துக்குக் கிட்டச் சனியன் வேற உருவத்தில வந்து நிண்டுது. விட்பி எண்ட பக்கத்து ஊரில இருந்து வாற ஒரு வெள்ளைக்காரன், ஐம்பது வயசிருக்கும், தன்ர குறொஸ்போவைக் கொண்டுவந்து கவுன்ரரில வைச்சான். 'அவர்' எண்டு மரியாதையா எழுதத்தான் வேணும், மனம் வரேல்லை. ஆறு அம்பும் அதுக்கு முனையும் வேணுமெண்டான். நான் வில்லை வடிவாப் பாத்தன். பிறை வால் கேக்கிற வில்லு. சரியான பெட்டியை எடுத்து, ஒரு அம்பை உருவி, மூண்டு அலகு முனையொண்டைப் பூட்டி அவனிட்டக் குடுத்தன்.

அவன் அதை வாங்கி மூக்கடியில வைச்சு மணந்து பாத்தான். பிறகு பின்னால வரிசையில நிண்ட நாலைஞ்சு பேருக்கும் கேக்கிற மாதிரி, "இதில கறி மணக்குது. மான் ஒரு மைலுக்கு அங்கால ஓடிடும். வேற ஆரும் இல்லையோ?" எண்டான்.

வேட்டைக்காரர் மணத்துக்குப் பயப்பிடுறது உண்மைதான். உடுப்பைக்கூட மணமில்லாத சவர்க்காரத்தில தோய்ப்பினம். அது தெரிஞ்சபடியால்தான் எனக்குக் கூடுதலா நொந்தது. வெளியில கேட்டா தொழில் கதை, உள்ளுக்கு இருந்தது எங்கட நிறத்தைக் குத்துற கதை. பின்னால ரெண்டு பேர் சிரிச்சினம்.

மனேச்சர் ஓடி வந்தார். கெட்ட மனுசன் இல்லை, முதுகெலும்புதான் கொஞ்சம் குறைவு. அவன் வருசா வருசம் வாற வாடிக்கை. மனேச்சர் என்னை ஓரமாக் கூட்டிக்கொண்டு போய், மீன் துப்பரவாக்கிற ரப்பர் கையுறைச் சோடியொண்டைத் தந்தார். வேட்டைக் காலம் முடியுமட்டும் இதைப் போட்டுக்கொண்டு நிக்கட்டாம். இல்லாட்டிப் பின்னுக்கு ஸ்டோர் றூமில பெட்டி அடுக்கட்டாம். அந்தக் கடையில வேற ஒருத்தருக்கும் கையுறை இல்லை. மீன் கவுன்ரரில நிண்ட வயசு போன மனுசன் காலமை முழுக்கப் புழு அள்ளிக் குடுத்த கையோட நிண்டார்.

"போட மாட்டன்" எண்டன்.

மனேச்சருக்கு விளங்கேல்லை. திருப்பிச் சொன்னன். இந்தக் கையாலதான் ஒரு மாதமா அம்பு விக்கிறன், ஒண்டும் திரும்பி வரேல்லை, கையுறையும் போட மாட்டன், பின்னுக்கும் போக மாட்டன். அண்டைக்கு எனக்கு இங்கிலீசு எங்கயிருந்து வந்ததோ தெரியாது. இவர், என்ர புருசன், தொழிற்சாலையில கை அடிபட்டு நாலு மாதமா வீட்டில. எங்கட குடும்பம் ஓடினது என்ர வேலையில. அதுவும் மனதுக்குள்ள வந்து போனது. போகட்டும் எண்டு நிண்டன். பின்னேரத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லு, இல்லாட்டி நாளைக்கு வர வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு மனேச்சர் போயிட்டார்.

வோஷ்றூமுக்குள்ள போய்க் கதவைப் பூட்டினன். அழுதன், அதை உங்களுக்கு மறைக்க மாட்டன். பிறகு கையை மணந்து பாத்தன். மணந்தது. கறி இல்லை, எரிஞ்ச எள்ளெண்ணெய். சவர்க்காரத்தைப் போட்டு உரஞ்சத் தொடங்கினன். ரெண்டு தரம் உரஞ்சினாப் பிறகு கண்ணாடியில என்ர மூஞ்சையைக் கண்டன். எடி விசரி, உவனுக்காகவோ நீ கை கழுவுறாய் எண்டு என்னையே கேட்டன். பைப்பைப் பூட்டிப்போட்டு ஈரக்கையோட வெளிய வந்தன்.

வந்து பாத்தா அவன் காசு குடுத்துப்போட்டு வெளிக்கிட்டிட்டான். மீன் கவுன்ரர் மனுசன்தான் சாமான் எடுத்துக் குடுத்தது. பாவம், அந்தாளுக்குத் தூண்டில் தெரியும், அம்பு தெரியாது. நான் எடுத்து வைச்ச பெட்டி கவுன்ரரில அப்பிடியே கிடந்தது. நான் தொட்ட பெட்டியெல்லோ, அவனுக்கு வேண்டாமாம். பக்கத்துத் தட்டில ஒரு பெட்டி குறைஞ்சிருந்தது. பாத்தன். தட்டை வால்.

உண்மையைச் சொல்லுறன், எனக்குச் சந்தோசமா இருந்தது. ஒரு நிமிசம் இருக்கும், வாசல் கண்ணாடியடியில நிண்டு அவன் ட்ரக்கில சாமான் ஏத்துறதைப் பாத்தன். போ ராசா, போய் விசையை இழு எண்டு மனம் சொன்னது. என்னை ஒருத்தரும் குற்றம் சொல்லேலாது. நான் வித்த அம்பில்லை. இந்தக் கை தொடாத அம்பு.

அவன் ட்ரக்கை ஸ்டார்ட் பண்ணினான். நான் திரும்பி அம்புக் கவுன்ரருக்கு ஓடினன். புத்தகத்தையும் நான் எடுத்து வைச்ச பெட்டியையும் தூக்கிக்கொண்டு, கோட்டும் இல்லாமல் ஓடிப்போய் ட்ரக்குக்கு முன்னால நிண்டன். அவன் பிரேக் போட்டுக் கத்தினான். நான் அசையேல்லை.

சண்டைக்கு வந்திருக்கிறாள் எண்டுதான் நினைச்சிருப்பான். ஜன்னலை இறக்கினான். அம்பு பிழை எண்டு சொன்னன். தனக்கு இருவது வருச அனுபவம் எண்டான். இருவது வருசமும் இதே வில்லோ எண்டு கேட்டன். இல்லை, இந்த வருசம் வாங்கினது எண்டான். புத்தகத்தில படம் போட்ட பக்கத்தை விரிச்சு அவன்ர மூஞ்சைக்கு நேர பிடிச்சன். பிறை வாலுக்குச் சரி அடையாளம், தட்டை வாலுக்குச் சிவப்பில குறுக்குக் கோடு, கீழ எச்சரிக்கை. வாசிச்சான். தன்ர பெட்டியைத் திறந்து ஒரு அம்பின்ர வாலை விரலால தடவிப் பாத்தான். அவன்ர முகம் வெளிறிப்போச்சு.

பெட்டியை மாத்திக் குடுத்தன். அதோட விட்டிருக்கலாம், என்ர வாய் சும்மா இருக்காது. "உங்கட ஜக்கற்றில சிகரெட் மணக்குது, ட்ரக்கில பெற்றோல் மணக்குது. என்ர எள்ளெண்ணெய்க்கு முதல் உங்கட மணந்தான் மானுக்குப் போகும்" எண்டன். அவன் ஜன்னலை ஏத்திக்கொண்டு போயிட்டான்.

திரும்பினா வாசலில மனேச்சர். எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார். தட்டை வால் பெட்டியை அவற்ற கையில குடுத்து, நடந்த பிழையையும் சொல்லி, பின்னேரம் நான் என்ன மறுமொழி சொல்ல வேணும் எண்டு கேட்டன். ஒண்டும் சொல்ல வேண்டாம் எண்டார். அந்தக் கையுறைச் சோடி மீன் கவுன்ரருக்கே திரும்பிப் போச்சு.

வீட்டை வந்து சொன்னன். இவருக்கு அவனில என்னை விடக் கூடக் கோவம்.

"நீர் ஏன் ஓடினனீர்? விட்டிருக்கலாமே. பாவம் பாத்தனீரோ?"

"பாவமும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லையப்பா. நான் நிக்கிற கவுன்ரரில இருந்து பிழையான அம்பு போகாது. அவ்வளவுதான்."

மூண்டு கிழமை போயிருக்கும், அவன் திரும்பி வந்தான். மீன் கவுன்ரர் மனுசன் சும்மாதான் நிண்டார், வாங்கோ எண்டு கையும் காட்டினார். அவன் போகேல்லை. என்ர வரிசையில வந்து நிண்டான். அவனுக்கு முன்னால ரெண்டு பேர். ரெண்டு அலகு நல்லதோ மூண்டு அலகு நல்லதோ எண்டு முதல் ஆளுக்கு நான் தேவையில்லாத நீட்டுக்கு விளக்கம் குடுத்தன். ஓம், வேணுமெண்டுதான். நிக்கட்டும் எண்டு.

அவன்ர முறை வந்தது. இன்னும் மூண்டு அம்பு வேணும், பிறை வால் எண்டு தானாகவே சொன்னான். அண்டைக்கும் சனிக்கிழமைதான், அண்டைக்கும் விளக்கு எரிச்ச கைதான். வெறுங்கையால மூண்டுக்கும் முனை பூட்டிக் குடுத்தன். அவன் மூக்கடிக்குக் கொண்டுபோகேல்லை. தாங்க்ஸ் எண்டான், போயிட்டான். மன்னிப்பு ஒண்டும் வரேல்லை. மான் கிடைச்சுதோ எண்டு அவன் சொல்லவும் இல்லை, நான் கேக்கவும் இல்லை.

கையுறை போடாததுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அவன் சொன்ன சொல்லும் நாள் போகப் போக மங்கிப்போச்சு. மங்காமல் நிக்கிறது வாசல் கண்ணாடியடியில நான் நிண்ட அந்த ஒரு நிமிசந்தான். இப்பவும் ஆரும் என்னைக் கேவலமாக் கதைச்சா நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவினம், அதில ஒரு மாற்றமும் இல்லை. ஆனா அண்டைக்கு நான் எதிர்த்து நிண்டது அவனை மட்டுமில்லை, அவன் கெட்டுப்போகட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்ட என்னையும்தான்.