துரை வீட்டுப் பெயர்

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கல்லறை இருக்கிறது. ஏரியில் மூழ்கிச் செத்தவர். பிள்ளை தங்காதவர்கள் அங்கே சுருட்டும் பிராந்தியும் வைத்து வேண்டிக்கொள்வார்கள். ஆண் பிறந்தால், கல்லில் வெட்டியிருக்கும் துரையின் பெயரையே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பிள்ளை நிற்காது என்பார்கள். என் அப்பாவுக்கு அந்தப் பெயர்தான், ஏரியில் போனார். அண்ணனுக்கும் அதே பெயர், கிணற்றில் போனான். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

மகளுக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்து, வேண்டிப் பிறந்தவன் என் பேரன். பெயர் வைப்பதற்கு முந்தின வாரம் ஒரு வெள்ளைக்கார அம்மா கல்லறைக்கு வழி கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் அதே பெயர். கார் ஓட்டிவந்த ஓசூர்க்காரர் தமிழில் சொன்னார்.

“அண்ணா, இது துரையோட சொந்தப் பேரு இல்லீங்க. அவங்க வம்சத்துக்கே இதான் பேரு. கடலோரமா ஒரு கிராமம், அந்தப் பேரையே வூட்டுப் பேரா வெச்சுக்கிட்டாங்களாம். அப்புறம் அந்த ஊரையே கடல் முழுங்கிடுச்சாம். அந்த வூட்டு ஆம்பளைங்க பாதிப் பேரு தண்ணியிலதான் போனாங்களாம். இப்ப இந்தம்மா மட்டுந்தான் மிச்சம்.”

பேரனுக்கும் அந்தப் பெயர்தான் வைக்கப்போகிறோம் என்றேன். அந்த அம்மா தொட்டிலைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார்.

“நம்ம வூட்டுக்கு இன்னொருத்தன் வந்துட்டான்னு சந்தோஷப்படறாங்க,” என்றார் ஓசூர்க்காரர்.

கார் போனதும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். “ஏனுங்க, ஒரு ஆளக் கூப்புடறோம்னுதான நெனச்சோம்? செத்த வூட்டையே கூட்டியாந்து வெச்சிருக்கோம். வேண்டாங்க அந்தப் பேரு.”

“வெக்காம இவனும் போயிட்டா நீ பதில் சொல்லுவியாம்மா?” என்று மகள் கத்தினாள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பெயர் வைக்கும் நாள் வந்தது. தாத்தா என்பதால் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வது என் வேலை. குனிந்தேன். மூன்று முறையும் வெறும் மூச்சைத்தான் விட்டேன். யாருக்கும் தெரியாது. பெயர் இல்லாதவனை எது தேடி வரும் என்று நினைத்தேன்.

ஆனால் ஊரே அந்தப் பெயரைச் சொல்லித்தான் கொஞ்சுகிறது. அவனும் திரும்பிப் பார்க்கிறான். இன்று காலை முதன்முதலாகத் தவழ்ந்தான். மகள் கைதட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவளிடம் போகவில்லை. நேராகத் தண்ணீர் அண்டாவுக்குப் போனான்.

அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மழை விடவில்லை. ஏரி நிரம்பிவிட்டது என்கிறார்கள்.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.