காப்பு அவிழ்க்கும் முன் போட்ட பதிவு

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரியுங்கள், தாராவியில் ஊரைச் சிரிக்கவைத்தே ஐம்பது வயதைத் தொட்டவன் நான், இசக்கியம்மன் கொடைக்குக் காப்புக் கட்டுவதுகூட மனைவியின் வாய்க்குப் பயந்துதானே தவிர, சாமி வரும், காட்டும் என்பதையெல்லாம் ஒருநாளும் நம்பியதில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். காப்புக் கட்டியவர் மனதில் அம்மன் எதையாவது காட்டினால், காப்பு அவிழ்க்கும்வரை அதை வாய்திறந்து யாரிடமும் சொல்லக்கூடாது. எனக்கென்ன காட்டப்போகிறாள் என்று மதியக்கொடையில் கண்ணை மூடி நின்றேன். மேளம் நின்ற நொடியில், நம்பினால் நம்புங்கள், குரல் இல்லை, உருவம் இல்லை, ஆனால் அண்ணன் வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தது, பசிப்பது தெரியுமே, அப்படி. உல்லாஸ்நகரில் இருக்கும் அண்ணன் ஒன்பது வருடமாக என்னோடு பேசுவதில்லை. அவன் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, அவனைக் கேலி செய்தே மண்டபத்தைச் சிரிக்கவைத்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான்தான் என்பதும் அதே நொடியில் தெரிந்தது. கண்ணீர்கூட வந்தது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் மனிதன். வாயைத் திறக்கக்கூடாது என்றுதானே சொன்னார்கள், விரலைச் சொல்லவில்லையே என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி ஃபேஸ்புக்கில் போட்டேன்: 'அம்மன் எனக்குக் காட்டிவிட்டாள். அண்ணன் தலைகுனிந்து வருகிறான்.' தலைகுனிவு அம்மன் காட்டியதல்ல, என் கைச்சரக்கு. மன்னிப்பு விஷயத்தை வசதியாக விட்டுவிட்டேன். லைக்குகள் குவிய, பட்டறையில் என்னோடு தோல்பை தைக்கும் முருகன் கீழே எழுதினான்: 'அண்ணாச்சி, அம்மன் காட்டுனாளா, ஒங்க அண்ணன் போன் பண்ணாவளா? இப்பந்தான் சயான் ஸ்டேஷன்ல அவியளப் பார்த்தேன்.'

ஸ்டேஷனுக்கு ஓடினேன். காலில் செருப்பில்லை, உடம்பெல்லாம் மஞ்சள், ஒரு கையில் வேட்டி. சாமி வந்து ஓடுகிறேன் என்று நினைத்த ஒரு பெண் நடுரோட்டில் காலில் விழுந்து, "எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும், சொல்லு தாயி" என்றாள். "எனக்கென்னம்மா தெரியும், வழிய விடு" என்று கத்தினேன். சாமிக்குக் கோபம் என்று பக்கத்திலிருந்த ஆட்டோக்காரரும் கும்பிட்டார்.

பிளாட்பாரத்தில் அண்ணன் இல்லை.

சாயங்காலம் மதினி போன் செய்தாள். "ஏன் தம்பி, அவுகள என்ன சொன்னீய? சயான்ல இறங்கிப் படியேறுன மனுசன் அப்படியே திரும்பி வந்துட்டாவ. சாப்பிடவும் மாட்டேங்காவ."

"நான் பார்க்கவே இல்ல மதினி. ஃபேஸ்புக்ல போட்டத யாராவது காட்டிருப்பாவ."

"யாரு காட்டுவா? அவுககிட்ட இருக்கது பட்டன் போனு. ஒங்க குரல் காதுக்குப் பக்கத்துல கேட்டுச்சாம். 'தலைகுனிஞ்சு வாரான்'னு சொல்லிட்டுச் சிரிச்சீயளாம்."

மறுநாள் பதிவை அழித்துவிட்டு உல்லாஸ்நகர் போனேன். அண்ணன் கதவைத் திறக்கவில்லை. மூடிய கதவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். இன்னும் பேசவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் தொட்டிக்குப் பின்னால் அந்த வரியை எழுதி முடித்ததும் சிரித்தேன். சத்தமே வராமல், மனதுக்குள் மட்டும்.