ஜெயந்தி அக்கா பேசவில்லை

செய்தி வந்தபோது டேகேர் வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தேன். ஜெயந்தி அக்கா அன்று காலை மாரடைப்பில் தவறிவிட்டார் என்று நம் ஃப்ரீமாண்ட் தமிழ்க் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். உள்ளே போய் மகளைத் தூக்கிக்கொண்டு, அவள் ஷூவைக் கால் மாற்றி மாட்டி, வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பதினாறாம் நாளும் முடிந்துவிட்டது. தாமதமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் உங்களிடம் சொல்லியே ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது.

பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையை அதட்டி நடத்துபவராகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர் சனிக்கிழமைக்காரர். வாரநாட்களில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், சனிக்கிழமை காலை கடல் விலங்கு மீட்பு மையம் ஒன்றில் தன்னார்வலர். மகள் பிறந்த நான்காம் மாதம் நானும் அங்கே சேர்ந்தேன். வீட்டில் இருந்தால் அவள் மூச்சு விடுகிறாளா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாரத்தில் ஒரு காலையாவது வெளியே போ என்று கணவர்தான் அனுப்பிவைத்தார். முதல் நாள் மீன் வெட்டச் சொன்னார்கள். சைவ வீட்டில் வளர்ந்த நான் ஹெர்ரிங் மீனை இரண்டு விரலால் தூக்கியதைத் தூத்துக்குடிக்காரரான அவர் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, உங்கம்மாவுக்கு இது தெரியுமா? பயப்படாத, வீடியோ கால்ல வாடை வராது."

வசந்தத்தில் அங்கே வருபவை பெரும்பாலும் ஒரு வயது நிரம்பாத கடல் சிங்கக் குட்டிகள். ஜூன் வாக்கில் தெற்கே தீவுகளில் பிறந்தவை. தாய் சில நாட்கள் கடலில் மீன் தேடிவிட்டுக் கரைக்கு வரும். குரல் கொடுக்கும், மோந்து பார்க்கும், தன் குட்டிக்கு மட்டும் பால் கொடுக்கும், மறுபடி கிளம்பும். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படித்தான். மீன் தொலைவுக்குப் போய்விட்ட ஆண்டுகளில் தாய் திரும்பத் தாமதமாகிறது, பால் குறைகிறது. சில குட்டிகள் இரை பிடிக்கப் பழகும் முன்பே கடலில் இறங்கி, எலும்பும் தோலுமாக எங்கள் பக்கக் கரையில் ஒதுங்குகின்றன. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பவிருந்த நான் இதைக் கேட்டுக் கண் கலங்கியதும் ஜெயந்தி அக்கா முறைத்தார். "அவ மூணு நாள் கடல்ல கெடந்துட்டு வாரா. நீ எட்டு மணி நேரம் ஆபீஸ்ல இருக்கப் போற. இதுக்கா மூக்கச் சிந்துத?"

குட்டிகளிடம் பேசக் கூடாது என்பது மையத்தின் முதல் விதி. மறைப்புப் பலகைக்குப் பின்னால் நின்று மீனை எறிய வேண்டும். மனிதக் குரல் கேட்டால் இரை வரும் என்று பழகிவிட்ட குட்டி கடலில் பிழைக்காது. அந்த வருடம் ஒரு பெண் குட்டி எந்த மீனையும் தொடவில்லை. குழாய் வழியாகக் கூழ்தான். ஒரு சனிக்கிழமை அது ஆட்டுக்குட்டி போலக் கத்தியபோது எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. பலகையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "இதோ வந்துட்டேன்டா செல்லம், ஒரே ஒரு வாய்" என்றேன். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. அதன்பின் ஒவ்வொரு வாரமும் பேசினேன். எடை ஏறியது. கடலில் விட்ட அன்று எல்லோரும் கை தட்டினோம்.

ஒரே மாதத்தில் அது படகுத்துறையில் ஏறி, பிக்னிக் வந்திருந்த ஒரு குடும்பத்தின் அருகே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தது. பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். மறுபடியும் ஆட்களைத் தேடி வந்தது. இனி கடலில் விட முடியாது என்று முடிவாகி, வேறு மாநிலத்தில் ஒரு காட்சியகத் தொட்டிக்குப் போனது. ஆயுள் முழுக்க அங்கேதான். பொறுப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, யாரோ உங்கள் மொழியில் அதனுடன் பேசியதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயந்தி அக்கா, பேசியது தான்தான் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்து, "ஏன்க்கா?" என்று அழுதேன்.

"உனக்கு வாரத்துல இந்த ஒரு காலைதான் இருக்கு. அதையும் விட்டுட்டு வீட்ல உக்காந்தா அந்தப் பிள்ளைய நிம்மதியாத் தூங்க விடுவியா? எனக்கென்ன, பாத்திரம் கழுவினாலும் சனிக்கிழம சனிக்கிழமதான்."

அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றேன். சொல்லவில்லை. அவரைக் குட்டிகள் பக்கமே விடாமல் மீன் வாளி கழுவும் அறைக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம்.

நீங்களும் கேலி செய்தீர்கள். "என்னக்கா, ஸீ லயனுக்கே தமிழ் க்ளாஸ் எடுத்தீங்களாமே?" "ஆமா, உங்க பிள்ளைங்கள விட நல்லாப் புரிஞ்சுக்கிட்டுது" என்பார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

போன சனிக்கிழமை பொறுப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மறுபடி குட்டிகளிடம் போகலாமா என்று ஜெயந்தி இந்தப் பிப்ரவரியில் கேட்டார். இன்னும் ஒரு பருவம் பொறுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன்" என்றார். ஒவ்வொரு வாரமும் நானும் ஜெயந்தி அக்காவும் ஒரே காரில்தான் திரும்புவோம். "இன்னைக்கு எத்தன குட்டி தானாச் சாப்பிட்டுச்சு?" என்று கேட்பார். நான் எண்ணிச் சொல்வேன். தனக்கும் அங்கே வர ஆசை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பேசியது நான். ஜெயந்தி அக்கா அல்ல. அந்தக் குட்டியைக் கடலுக்குத் திருப்ப முடியாது, இதை அவர் காதில் போடவும் முடியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் நின்ற இடம். இனி என் சனிக்கிழமை அங்கேதான், வாளிகளைத் தேய்த்துக்கொண்டு. அங்கிருந்து பார்த்தால் குட்டிகள் தெரிவதில்லை. எதிரே சுவர்தான்.